ஓரத்தில் நிற்கும் பெண்

போன ஆடி மாதம் என் பெரியப்பாவின் கொள்ளுப்பேத்தி பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். வயது 16. எனக்குப் பேத்தி முறை. வந்த மறுநாளே கூடத்தில் பாயை விரித்து, தான் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். காப்பி நிறக் காகிதங்கள், கத்தரித்த லேஸ் மாதிரிக் காகிதப் பின்னல், சங்கிலிக் கடிகாரப் படம் போட்ட ஒட்டுவில்லைகள், ஈபெல் கோபுரம், யாரோ யாருக்கோ எழுதியதுபோல் அச்சடித்த பழங்காலக் கடிதத் தாள் என்று பாய் நிறைந்துவிட்டது. குடும்பப் படத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் அலங்காரம் செய்து, பழைய காலத்து ஆல்பம் போல ஒரு பக்கம் தயாரிக்க வேண்டுமாம். ஸ்கிராப்புக் என்று பெயர்.

"தாத்தா, கொஞ்சம் டீ டிக்காஷன் வேணும். பால் வேணாம்" என்றாள். குடிப்பதற்கு இல்லை. வெள்ளைத் தாளை அதில் நனைத்துக் காயவைத்தால் நூறு வருஷத்துத் தாள் மாதிரி ஆகிவிடுமாம். ஓரத்தை மெழுகுவத்தியில் லேசாகக் கருக்கிவிட்டால் இன்னும் நன்றாக இருக்குமாம்.

நான் 35 வருஷம் அரசாங்க எழுத்தராக இருந்தவன். அதில் பல வருஷங்கள் பதிவேடுகளோடு கழிந்தவை. புதுத் தாளைப் பழைய தாளாகக் காட்டுவது என்றாலே எனக்கு வயிற்றைப் பிசையும். ஆனாலும் பிள்ளை ஆசையாகக் கேட்கிறாள் என்று டிக்காஷன் போடச் சொல்லிவிட்டு, "நடுவில் வைக்கிற படம் எங்கே?" என்றேன்.

பிரான்சில் அவர்கள் வீட்டுச் சுவரில் முட்டைவடிவச் சட்டத்துக்குள் தொங்கும் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வந்திருந்தாள். பார்த்ததுமே தெரிந்தது. 1951இல் பெரியப்பா பட்டாளத்துக்குச் சைகோன் புறப்படுமுன் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டு முற்றத்தில் எடுத்த படம். நடுவில் நாற்காலியில் தாத்தாவும் பாட்டியும். பின்னால் பெரியப்பாவும் என் தகப்பனாரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். பெரியம்மா ஒரு பக்கம், என் அம்மா இன்னொரு பக்கம். எல்லோரும் கேமராவையே பார்க்க, அம்மா மட்டும் முகத்தைத் திருப்பி எங்கேயோ பார்க்கிறார்.

"இவங்க ஏன் தாத்தா அந்தப் பக்கம் பாக்கறாங்க? பெரிய தாத்தா சைகோன் போறது பிடிக்காம கோவிச்சுக்கிட்டாங்கன்னு எங்க வீட்ல சொல்வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் அம்மாவைப் பற்றி அப்படி ஒரு கதை அந்தப் பக்கத்தில் 70 வருஷமாக உலவுகிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். அதில் எங்கள் பிரதி இருக்கிறது. வெட்டாத பிரதி. அதில் அம்மா பார்க்கும் திசையில், படக்காரர் பின்னால் கட்டிய போர்வை முடிந்து வெறும் சுவர் தெரிகிற இடத்தில், ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். பாவாடை சட்டை, ஒற்றைப் பின்னல், 12 வயது மதிக்கலாம். அவள் இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அது தலையை ஆட்டி அழுதிருக்கிறது.

அந்தக் குழந்தை நான்தான். அப்போது எனக்கு இரண்டு வயது.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அழுகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். பெரியப்பா கொண்டுபோன பிரதியைச் சட்டத்துக்குள் அடக்குவதற்காக ஓரங்களை வெட்டியபோது அந்தப் பெண்ணும் போனாள், நானும் போனேன், அம்மா திரும்பிப் பார்த்ததற்கான காரணமும் போய்விட்டது. காரணம் இல்லாத இடத்தில் ஒரு கதை வந்து உட்கார்ந்துகொண்டது.

பேத்தி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்படின்னா இந்த முழுப் படத்தைத்தான் வைக்கணும்" என்றாள்.

படத்தை அலங்கரித்துப் பக்கமாக ஒட்டுவது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த வேலை என்று நினைத்தேன். அப்படி இல்லை. பாரீசில் டகேர் முறைப் புகைப்படத்தை உலகத்துக்கு விவரமாக அறிவித்தது 1839இல். அது வெள்ளி பூசிய தகட்டில் விழும் ஒற்றைப் படம். பிரதி எடுக்க முடியாது. 1854இல் திஸ்தேரி என்ற பாரீஸ் படக்காரர், ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறிய படங்களை எடுத்து, காகிதத்தில் அச்சிட்டு, விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டிக் கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகுதான் படம் மலிந்தது. உறவினருக்கும் சிநேகிதருக்கும் கொடுத்து வாங்கிக் கொண்டார்கள். அவற்றைச் செருகிவைக்க ஆல்பங்கள் வந்தன. வெட்டிய செய்தி, வாழ்த்து அட்டை, உலர்ந்த பூ என்று ஒட்டிவைக்கும் புத்தகங்களும் அந்த நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு பரவின. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், முன்கூட்டியே பசை தடவிய ஸ்கிராப்புக்குக்கு 1873இல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். பசைச் சட்டியோடு மல்லுக்கட்டி அலுத்தவர் போலும்.

நம் வீடுகளில் ஆல்பம் கிடையாது. கூடத்தில் நிலைக்கு மேலே, ஆணியில் முன்பக்கம் சாய்ந்து தொங்கும் சட்டங்கள்தான் ஆல்பம். இருப்பவர் படம் ஒரு வரிசை. போனவர் படம் பொட்டோடும் மாலையோடும் இன்னொரு வரிசை. சட்டத்துக்கு வழியில்லாத படங்கள் பட்டுப்புடவைக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குப் போகும். எங்கள் படம் தப்பியது அப்படித்தான்.

பழைய படம் ஏன் காப்பி நிறமாக இருக்கிறது என்று பேத்தி கேட்டாள். அந்த நிறத்துக்குப் பிரெஞ்சில் 'சேப்பியா' என்பார்கள். கணவாய் மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. அதன் மையிலிருந்து ஓவியர்கள் செய்த பழுப்பு நிறத்துக்கு அதே பெயர். நம் கடற்கரையில் வலையிலிருந்து கொட்டும்போது கையெல்லாம் கறையாக்கும் அதே கணவாய்தான். ஆனால் புகைப்படத்தில் இருப்பது அந்த மை அல்ல. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாக நிற்பது நுண்ணிய வெள்ளித் துகள். அதைக் கந்தகச் சேர்மத்தால் மாற்றினால் பழுப்பாகும், ஆயுளும் கூடும். சில படங்கள் நிறம் மாறியதற்குக் காரணம் வேறு. அச்சிட்ட பிறகு மருந்து போகச் சரியாக அலசாத படம் வருஷம் போகப் போக மஞ்சளித்து வெளிறிவிடும். எங்கள் படத்தின் கறுப்பான ஓரங்களைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடிபோல் வெள்ளிப் பளபளப்புத் தெரிகிறது. காற்றும் ஈரமும் பட்டு வெள்ளி மேலே வந்துவிட்டது. கடலோரத்து ஊரில் தப்பாது.

"இந்தப் பழசை டீயில் கொண்டுவர முடியுமா?" என்றேன். சிரித்தாள்.

நடு வேலைக்கு வந்தோம். அசல் படத்தை ஒட்டுவதில்லை என்று முடிவு. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. எழுபதுகளில் நானும் எல்லோரையும் போல, பிசுபிசுப்பான அட்டைமேல் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை மூடும் ஆல்பம் ஒன்று வாங்கினேன். என் கல்யாணப் படங்களை அதில் வைத்தேன். இன்று பசைக் கோடுகள் பழுப்பேறிப் படங்கள் அட்டையோடு ஒன்றிவிட்டன. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் மெல்ல ஓட்டி நான்கைந்து படங்களைப் பிரித்தேன். இரண்டு கிழிந்தன. ஆகவே அசலைக் கடையில் கொடுத்து, அதே அளவில் நல்ல பிரதி எடுத்துவரச் செய்தோம். டீத்தாள், லேஸ் எல்லாம் பிரதிக்குத்தான். தேயிலைக் கறை அமிலம் உள்ளது. அசலோடு சேர்த்து வைத்தால் நாளடைவில் படத்தைக் கெடுக்கும். மெழுகுவத்தி வேண்டாம் என்றேன். ஒத்துக்கொண்டாள்.

அட்டை 30 சென்டிமீட்டர் சதுரம். படத்தைப் பசையில்லாமல் நான்கு காகித மூலைகளில் செருகினோம். அடுத்து ஈபெல் கோபுரத்தை எடுத்தாள்.

"இந்தப் படத்தில் இருக்கும் ஆறு பெரியவர்களில் அன்றைக்கு அந்தக் கோபுரத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை, கண்ணு" என்றேன்.

"அப்போ என்ன வைக்கிறது?"

டிரங்குப் பெட்டியில் பெரியப்பாவின் கடித உறைகள் இருந்தன. பாவோ தாய் மன்னர் தலை போட்ட வியட்நாம் தபால்தலை ஒன்று. தாத்தா சேர்த்துவைத்த பிரெஞ்சிந்தியத் தபால்தலைகள் சில. அவற்றில் விலை 'பனோன்', 'காஷ்' என்று அச்சாகியிருக்கும். 24 காஷ் ஒரு பனோன், 8 பனோன் ஒரு ரூபாய். பணமும் காசும் பிரெஞ்சுக்காரர் வாயில் போய் அப்படித் திரும்பி வந்தன என்று சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் பள்ளியில் பிரெஞ்சு படித்தவளுக்கு அதற்குள் இரண்டு தமிழ்ச்சொல் ஒளிந்திருப்பது தெரியவில்லை. கோபுரம் பெட்டிக்குள் திரும்பிப் போனது. காசும் பணமும் பக்கத்துக்கு வந்தன.

இரண்டு சகோதரர்களுக்கும் அடியில் என்ன எழுதுவது என்ற கேள்வி வந்தபோதுதான் சரித்திரம் உள்ளே நுழைந்தது. 1951இல் இரண்டு பேரும் பிரெஞ்சுக் குடிகள். அதற்கு முன்பே, 1949இல், இந்தியாவோடு இருந்த சுங்க உடன்பாடு முடிந்து ஊரைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் வந்துவிட்டன. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய, 8 பேர் வேண்டாம் என்று. நவம்பர் 1இல் நிர்வாகம் கை மாறியது. ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. ஆனால் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். ஊரில் பிறந்து ஊரிலேயே இருந்தவர்கள் அன்றோடு இந்தியக் குடிகள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரில் பிறந்து இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடிகளாகவே நீடித்தார்கள்.

என் தகப்பனார் முத்தியால்பேட்டையில் இருந்தார். எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தியர் ஆனார். பெரியப்பா அப்போது சைகோனை விட்டு பிரான்சுக்குப் போய்விட்டிருந்தார். அவரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பிரெஞ்சுக்காரராகவே இருந்தார். ஒரே பாயில் படுத்து வளர்ந்த அண்ணனும் தம்பியும் ஒரு கையெழுத்துகூடப் போடாமல் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். பெயரும் பிரிந்தது. பிரெஞ்சுப் பதிவேட்டுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். எனவே பெரியப்பாவின் பெயரே அவர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. இங்கே நாங்கள் தகப்பன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு, தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டே வந்தோம். இன்று இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு தாத்தாவின் வழி என்று யாரும் சொல்ல முடியாது. இந்தப் படம் ஒன்றுதான் அத்தாட்சி.

ஆகவே குடியுரிமை எதுவும் எழுதவில்லை. அண்ணன், தம்பி என்று மட்டும் போட்டோம். பேத்தி பிரெஞ்சில், நான் தமிழில். எங்கள் பள்ளியில் ஊதா மையைத் தொட்டுத் தொட்டு எழுதிப் பழகிய கையெழுத்து இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயரையும் முறையையும் எழுதிக்கொண்டே ஓரத்துக்கு வந்தேன். பேனா நின்றது.

"இவங்க பேர் என்ன தாத்தா?"

தெரியாது.

படத்தின் பின்புறம் தாத்தா எழுதியிருப்பது "பாண்டிச்சேரி, 1951" என்பது மட்டும். பல வருஷம் முன்பு ஒரு பொங்கலுக்குப் பெட்டியைத் துடைக்கும்போது அம்மா இதே படத்தைக் காட்டி, "ஓரத்துல அழுவறது நீதான்டா" என்றார். நான் சிரித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். என்னைத் தூக்கி வைத்திருப்பது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மா போய் 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது. காரைக்காலில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டேன். அவர் கல்யாணமாகி வந்தது 1958இல். அப்படி ஒரு பெண்ணைப் பார்த்த ஞாபகம் இல்லை என்றார். வீட்டு வேலைக்கு இருந்த பெண்ணா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா, தூரத்து உறவா, சொல்ல ஆள் இல்லை.

என் உத்தியோகக் காலத்தில் எத்தனை பேர் பெயரை எழுதியிருப்பேன்! ஓர் எழுத்து தவறினாலும் திருத்தத்துக்கு மனு வாங்கி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, தேதி இட்டுத் திருத்தியவன். என்னை இடுப்பில் சுமந்தவள் பெயரை எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

"ஒரு பேர் நாமே வெச்சிடலாமா?" என்று கேட்டாள் பேத்தி. பிள்ளை நல்ல மனசோடுதான் கேட்டாள். வேண்டாம் என்றேன். அம்மாவின் கோபமும் அப்படித்தான் உண்டானது. கடைசியில் அந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று போட்டு விட்டுவிட்டோம். கோட்டின் கீழே அவள் பிரெஞ்சில், "என் தாத்தாவைத் தூக்கி வைத்திருப்பவர்" என்று எழுதினாள். நான் அதையே தமிழில் எழுதினேன். பெயர் தெரியவந்தால் எழுதிக்கொள்ளப் பென்சில் ஒன்றையும் அந்த ஆல்பத்தின் உறையில் செருகியிருக்கிறாள்.

பக்கம் பிரான்சுக்குப் போய்விட்டது. முட்டைவடிவச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பதாகவும், அவள் அப்பா வருகிறவர்களிடமெல்லாம் என் அம்மா ஏன் திரும்பிப் பார்த்தார் என்று சொல்வதாகவும் போனில் சொன்னாள். அசல் என்னிடம் இருக்கிறது. பரணில் வெக்கையும் இராமபாணப் பூச்சியும் இருப்பதால் இப்போது காகித உறையில் போட்டு உள்ளறை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் நண்பர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். டீத்தாளும் லேசும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் படங்களைக் கவிழ்த்து, பின்புறம் ஓரமாக, மிருதுவான பென்சிலால், அழுத்தாமல் பெயர்களை எழுதுங்கள். பேனா வேண்டாம். மை முன்பக்கம் ஊறும், பால்பாயின்ட் தடம் விழும். நடுவில் நாற்காலியில் இருப்பவர் பெயர் எப்படியும் யாருக்காவது தெரிந்திருக்கும். ஓரத்தில் நிற்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

முத்தியால்பேட்டையில் 1951 வாக்கில் குடியிருந்தவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கிணற்றடியை ஒட்டிய முற்றமுள்ள ஓட்டு வீடு. பட்டாளத்துக்காரர் வீடு என்பார்கள். அங்கே அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் படத்துக்கு நின்றதாக உங்கள் அம்மாவோ பாட்டியோ எப்போதாவது சொல்லியிருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அவருக்கு இப்போது எண்பது வயதைத் தாண்டியிருக்கும்.